பாதி மாத்திரை

எங்கள் பகுதியில் அவளுடைய பெயர் யாருக்கும் தேவைப்பட்டதில்லை. டப்பா அக்கா என்றால் போதும். தோளில் ஒரு துணிப்பை, பைக்குள் மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாக்கள், ஒவ்வொரு டப்பாவிலும் யாரோ ஒருவருடைய சளி. காலையில் வெறும் டப்பாக்களோடு தெருவுக்குள் நுழைவாள். வெயில் ஏறுவதற்குள் நிறைந்த டப்பாக்களோடு எங்கள் ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்துவிடுவாள். அவற்றைத் திறந்து, கண்ணாடித் தகட்டில் தடவி, சாயம் போட்டு, மைக்ராஸ்கோப்பில் காசநோய்க் கிருமி தெரிகிறதா என்று பார்ப்பது என் பிழைப்பு. அதனால் என்னைப் பூதக்கண்ணாடி என்று கூப்பிடுவாள்.

"என்னடி பூதக்கண்ணாடி, இன்னிக்கு யார் யாரை மாட்டிவிடப் போற?"

"நீங்க கொண்டு வர்றதுல பாதி வெறும் எச்சில்க்கா. இதுல நான் கிருமியைத் தேடவா, மீன் வளக்கவா?"

அப்படிச் சொன்னால் அவளுக்கு ரோஷம் வந்துவிடும். சளி எடுக்கச் சொல்லிக்கொடுப்பதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று நினைப்பு. ஆய்வகத்துக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டியை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை உண்டு. காற்றோட்டமான இடத்தில்தான் சளி எடுக்க வேண்டும் என்பதால் அங்கேதான் ஆட்களை நிறுத்துவாள். இடுப்பில் கையை ஊன்றி, மூச்சை இழுத்து, கட்டடமே அதிரும்படி இருமிக் காட்டுவாள். "தொண்டையிலேருந்து கனைக்காதய்யா, பாட்டுக் கச்சேரியா பண்ணப் போற? அடிவயித்துலேருந்து வரணும்" என்பாள். மேலதிகாரிகள் சுற்றிப் பார்க்க வந்த ஒருநாள் அவள் இருமிய இருமலைக் கேட்டு, முதலில் இந்தம்மாவுக்கு டெஸ்ட் எடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

இந்த வேலைக்கு வருவதற்கு முன் ஒரு சோப்புக் கம்பெனியில் கட்டிகளுக்குக் காகிதம் சுற்றிக்கொண்டிருந்தாள். கம்பெனியை மூடினார்கள். வீடு வீடாகப் போய்ப் பேசத் தெரிந்த பெண்கள் வேண்டும் என்று எங்கள் நிலையம் கேட்டபோது வந்து சேர்ந்தாள். அவள் கணவர் கடிகாரம் ரிப்பேர் செய்கிறவர், வாயைத் திறந்தால் நக்கல்தான். "என் கடையில எல்லாம் ஓடாத கடிகாரம், இவ பையில எல்லாம் ஊர்ச் சளி. எங்க வீட்டுக்குத் திருடன் வந்தா அழுதுட்டுத்தான் போவான்" என்பார்.

அவளுடைய உண்மையான வேலை சளி எடுத்த பிறகுதான் ஆரம்பிக்கும். காசநோய்க்கு மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட வேண்டும். பத்து நாளில் இருமல் குறைந்ததும் மனுஷன் மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிடுவான். அதனால் முழுங்குவதைப் பக்கத்தில் நின்று கண்ணால் பார்க்க வேண்டும் என்பது எங்கள் விதி. நாக்குக்கு அடியில் ஒதுக்கி வைத்துக்கொண்டு, ஆள் போனதும் துப்புகிற கில்லாடிகள் உண்டு. அவர்களுக்காக டப்பா அக்கா ஒரு வழி வைத்திருந்தாள். மாத்திரை முழுங்கியதும் யாரையாவது திட்டச் சொல்லுவாள்.

"வீட்டுக்காரனைத் திட்டு, முதலாளியைத் திட்டு, என்னைக்கூடத் திட்டு. முழுசாத் திட்டணும்."

வாயில் மாத்திரையை ஒதுக்கிக்கொண்டு எவனாலும் முழு வேகத்தில் திட்ட முடியாது. கிடைத்த வாய்ப்பில் ஜனங்கள் மனதில் கிடந்ததையெல்லாம் கொட்டுவார்கள். நெஞ்சில் இருக்கும் சளியைவிட அது கெட்டி என்று சொல்லிச் சிரிப்பாள். அந்த நாட்களில் அவள் நன்றாகச் சிரிப்பாள்.

ஒரு நாள் காலையில் ஒரு தையல்காரி தானாகவே கொட்டகைக்கு வந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். முகத்தைத் துணியால் மூடியிருந்தாள். சொல்லிக்கொடுக்காமலே டப்பா நிறையச் சளி எடுத்தாள். அதைப் பார்த்தே அக்காவுக்குப் புரிந்துவிட்டது. நான் தகட்டை வைத்ததும் நீலச் சாயத்தின் நடுவே சிவப்புக் குச்சிகளாகக் கிருமிகள் சிதறிக் கிடந்தன. இருக்கிறது என்றேன். அந்தப் பெண் அழவில்லை. யாருக்கும் தெரியக் கூடாது என்று மட்டும் சொன்னாள்.

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஒற்றை அறை வீடு. ஜன்னலோரம் தையல் மிஷின், எதிர்ச் சுவரோரம் மாமியாரின் கட்டில். நோய் என்று தெரிந்தால் தெருவில் ஒருத்தி துணி கொண்டுவந்து தர மாட்டாள். மாமியார் மகனுக்கு வேறு பெண் பார்ப்பாள். புருஷன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். பெண்டாட்டிக்குக் காசநோய் என்று வேன் முதலாளி காதில் விழுந்தால் அன்றைக்கே சாவியைப் பிடுங்கிவிடுவார்.

டப்பா அக்காவுக்கு அவளைப் பார்த்ததும் பாசம் ஒட்டிக்கொண்டது. இவளைப் பிழைக்க வைத்தே தீர வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். எல்லாவற்றையும் காதும் காதும் வைத்தமாதிரி முடிப்பதாக வாக்குக் கொடுத்து ஒரு வேலை செய்தாள். எனக்கே அது பிறகுதான் தெரியும். துணி தைக்கக் கொடுக்க வருகிற வாடிக்கையாளர் மாதிரி அந்த வீட்டுக்குப் போக ஆரம்பித்தாள். பழைய சட்டையோ தலையணை உறையோ எடுத்துப் போவாள். மடிப்புக்குள் அந்த வார மாத்திரைகள் இருக்கும். "இந்த ஓரத்தை மட்டும் பிரிச்சுத் தைச்சிடும்மா" என்பாள். கட்டிலில் உட்கார்ந்திருக்கும் மாமியார் விலையில் பேரம் பேசுவாள். இப்படி நடித்துவிட்டு, மாத்திரையை இப்போது முழுங்கு, பிறகு ஒருத்தரைத் திட்டு என்று எப்படிச் சொல்வது? கொடுத்துவிட்டு வந்துவிடுவாள். அந்தப் பெண் நல்ல பெண், முழுங்கிவிடுவாள் என்று நம்பினாள். அக்காவின் வீட்டில் இருந்த துணியெல்லாம் இரண்டு தடவை மூன்று தடவை தைக்கப்பட்டுவிட்டது. "என் சட்டையைப் போட்டா மூச்சு முட்டுது, இன்னும் எத்தனை தடவை பிடிச்சுத் தைக்கப் போற?" என்று அவள் கணவர் புலம்பினாராம்.

இரண்டு மாதத்தில் சளி சுத்தமாகியிருக்க வேண்டும். தையல்காரியின் தகட்டில் சிவப்புக் குச்சிகள் முதலில் குறைந்தன. பிறகு கூடின.  அவள் சளியிலிருந்து கிருமியை வளர்த்து, எந்த மருந்துக்கு அடங்குகிறது என்று பார்க்கக் குழாய்களில் போட்டு வெதுவெதுப்பான பெட்டிக்குள் வைத்தேன். இந்தக் கிருமி சோம்பேறி, வளர வாரக்கணக்கில் ஆகும். வளர்ந்தது. முக்கியமான இரண்டு மருந்து கலந்த குழாய்களிலும் கூச்சமே இல்லாமல் வளர்ந்திருந்தது. நிலையத்தின் பெரிய டாக்டர் குழாய்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு டப்பா அக்காவைக் கூப்பிட்டார்.

"மாத்திரையை நீங்க பாத்துத்தானே குடுத்தீங்க?"

டப்பா அக்கா பூசி மெழுகத் தெரியாதவள். தலையைக் குனிந்து, இல்லை சார் என்று சொல்லிவிட்டாள். அன்று மதியமே தையல்காரியைத் தெருக்கோடியில் வழிமறித்தாள். நானும் கூடப் போயிருந்தேன்.

"உண்மையைச் சொல்லு. மாத்திரையைத் தூக்கிப் போட்டியா?"

"ஐயோ, ஒண்ணுகூட வீணாக்கலக்கா."

"அப்புறம் எப்படிடி இப்படி ஆச்சு?"

அவள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். "அவருக்கும் இருமல் வந்துச்சு. ராத்திரியில வேர்க்குது, எனக்கு வந்த மாதிரியேதான். டெஸ்ட்டுக்கு வாங்கன்னா வேன் வேலை போயிடும்னாரு. அதான் நாலு மாத்திரையில எனக்கு ரெண்டு, அவருக்கு ரெண்டு. ஆளுக்குப் பாதியாவது உள்ள போகட்டும்னு..."

"அடிப்பாவி" என்றாள் அக்கா. 

முழு மாத்திரை கிருமியைக் கொல்லும். பாதி மாத்திரை கொல்லாது, பழக்கும். அரைகுறையாக அடித்து விரட்டிய எலி அடுத்த முறை உஷாராகிவிடுவது போலத்தான். இரண்டு பேரையும் காப்பாற்ற நினைத்து இரண்டு பேர் நெஞ்சிலும் மருந்துக்கு மசியாத கிருமியை அவள் வளர்த்துவிட்டாள். இதை அவளுக்கு விளக்கிச் சொன்னது நான்தான். கேட்டுக்கொண்டே நின்றாள். "அப்போ நான்தான் கெடுத்தேனா?" என்றாள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அவள் மேலா, அந்தப் புருஷன் மேலா, வாடிக்கையாளர் வேஷம் போட்ட அக்கா மேலா என்று தெரியவில்லை.

ஒரு வழி மிச்சமிருந்தது. அடங்காத கிருமிக்காகப் புதிய மருந்துக் கூட்டு ஒன்றை எங்கள் நிலையத்தில் பரிசோதித்துப் பார்க்கும் ஆய்வு அப்போதுதான் தொடங்கியிருந்தது. சேருகிறவர்களுக்கு ரத்தப் பரிசோதனை செய்து, இதயத்தைப் படம் எடுத்து, கையெழுத்து வாங்கி, அதற்குப் பிறகுதான் முதல் வேளை கொடுக்கலாம். ஒவ்வொரு வேளையும் கண்ணெதிரே முழுங்க வேண்டும். வீட்டில் உள்ள எல்லாரையும் சோதிக்க வேண்டும். புருஷனை விட்டுவிடலாமா என்று அக்கா கெஞ்சிப் பார்த்தாள்.

"அந்த வேன்ல குழந்தைங்க போறாங்கம்மா" என்றார் பெரிய டாக்டர். 

ஒரு வாரம் மட்டும் பொறுங்கள், அவளே புருஷனிடம் பக்குவமாகச் சொல்லட்டும், நான் நடந்து போய்க் கூட்டி வருகிறேன் என்று அக்கா கேட்டாள். டாக்டர் சரி என்றார். ஆனால் வீட்டில் உள்ளவர்களைச் சோதிப்பது வேறு பிரிவு. அவர்களுக்கு யார் இதைச் சொல்வது? இரண்டாம் நாளே அவர்களுடைய ஜீப் அந்தத் தெருவுக்குள் போனது. பக்கவாட்டில் நோயின் பெயரை ஆள் உயரத்துக்கு எழுதி வைத்திருக்கும் ஜீப். ஓட்டுநர் மளிகைக் கடை வாசலில் நிறுத்தி, "டிபி பேஷன்ட் வீடு எது? தையல்காரம்மா வீடு" என்று ஊருக்கே கேட்கும்படி விசாரித்தான். அந்த ஆளை இன்றைக்குப் பார்த்தாலும் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்பேன்.

சாயங்காலத்துக்குள் வேன் சாவி போய்விட்டது. வாடகைக்கு விட்டிருந்த வீட்டுச் சொந்தக்காரர் வாசலில் நின்று காலி பண்ணச் சொல்லிச் சத்தம் போட்டார். மாமியார் துணிமணியைக் கட்டிக்கொண்டு மகள் வீட்டுக்குக் கிளம்பினாள். மறுநாள் காலையில் டப்பா அக்கா போனபோது வீடு திறந்து கிடந்தது. தையல் மிஷின் இருந்த இடத்தில் தரை மட்டும் வேறு நிறமாக இருந்தது. எங்கே போனார்கள் என்று கேட்டால் அக்கம்பக்கத்தில் எல்லாரும் தெரியாது என்றார்கள். தெரிந்தவர்களும் நல்லதாய்ப் போயிற்று என்று வாயை மூடிக்கொண்டார்கள்.

அன்றிலிருந்து டப்பா அக்கா அலைந்த அலைச்சல் கொஞ்சநஞ்சமல்ல. தையல் கடைகள், துணி தைக்கும் கம்பெனிகள், வேன் நிற்கும் இடங்கள், மற்ற ஆஸ்பத்திரிகள் எல்லாவற்றிலும் போய் நின்றாள். மிஷின் ஓடும் சத்தம் கேட்டால் எந்த வீடானாலும் எட்டிப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் கணவர் கடையைப் பூட்டிவிட்டு அவளைச் சைக்கிளில் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிப் போனார். அவரும் அப்போது நக்கலை விட்டுவிட்டார்.

"புது மருந்து அலமாரியில இருக்குடி. அவ எங்கேயோ இருமிக்கிட்டு இருக்கா. நடுவுல நான் இருக்கேன், எதுக்கும் உதவாம" என்றாள் என்னிடம்.  

மழைக்காலம் முடிகிற சமயத்தில் அவர்களே வந்தார்கள். புருஷன் அவளை முதுகில் சுமந்துகொண்டு வந்தான். நாலடிக்கு ஒருமுறை நின்று இருமினான். அவனும் எலும்பும் தோலுமாகத்தான் இருந்தான். அவளை இறக்கிக் கட்டிலில் விட்டபோது மெத்தை அமுங்கவே இல்லை. அவள் சளியைத் தகட்டில் பார்த்தேன். நீலம் எங்கே என்று தேட வேண்டியிருந்தது. எங்கும் சிவப்பு.

பெரிய டாக்டர் தன்னால் முடிந்த மட்டும் ஓடினார். ரத்தம் எடுத்தார்கள், மார்பில் ஒயர்களை ஒட்டிப் படம் எடுத்தார்கள், கையெழுத்துக்குப் பதில் கைநாட்டு வாங்கினார்கள். முடிவுகள் வந்தால் உடனே மாத்திரை. மாத்திரை அதே வார்டின் அலமாரியில், அவள் கட்டிலிலிருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. முடிவு வராமல் கொடுத்தால் இதயம் நின்றுவிடவும் கூடும். டப்பா அக்கா முகமூடி போட்டுக்கொண்டு கட்டிலை விட்டு நகராமல் உட்கார்ந்திருந்தாள். நான் சளி டப்பா எடுக்கப் போனபோது தையல்காரி அவளிடம் பேசிக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்கி வாங்கித்தான் பேச முடிந்தது.

"அக்கா, அவரை ஒண்ணும் கேட்டுடாதீங்க. மாத்திரை விஷயமா ஒரு வார்த்தை பேசக் கூடாது."

"அவனையா? தோலை உரிக்கலாம்னு இருக்கேன்."

"வேணாம்க்கா. எனக்குச் சத்தியம் பண்ணுங்க."

அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு சத்தியம் செய்தாள். புருஷன் மேல் இவ்வளவு பைத்தியமா என்று நான் மனதுக்குள் நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் முடிவுகள் வந்தன. ரத்தம் பரவாயில்லை. இதயப் படம் நன்றாக இருந்தது. மருந்து கொடுக்கலாம் என்று எழுதிய காகிதத்தை எடுத்துக்கொண்டு டாக்டர் வார்டுக்குள் வந்தார். டப்பா அக்கா தையல்காரியின் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டிருந்தாள்.

மருந்து புருஷனுக்குத் தொடங்கியது. அவனுக்கும் அதே கிருமி, அதே பிடிவாதம். அவன் முழுங்குவதைப் பார்க்கும் வேலை டப்பா அக்கா தலையில் விழுந்தது. வேறு யாரையாவது அனுப்புங்கள் என்று கேட்டாள், ஆள் இல்லை என்றார்கள். நிலையத்துக்குப் பின்னால் அவனுக்கு ஒரு அறை கொடுத்திருந்தார்கள். தினமும் காலையில் போவாள். "வாயைத் திற. முழுங்கு. நாக்கைத் தூக்கு." மூன்றே கட்டளை. அவனைத் திட்டச் சொன்னதே இல்லை. யாரையும் திட்ட அவனுக்கு உரிமை இல்லை என்று அவளுக்கு நினைப்பு.

"அவன் மூஞ்சியைப் பாத்தாலே எனக்கு வயிறு எரியுதுடி" என்பாள். "கட்டினவளோட உயிரை ரெண்டு ரெண்டு மாத்திரையா முழுங்கினவன். இப்ப என் கையாலயே முழுங்கறான். சத்தியம் பண்ணித் தொலைச்சேனே!"

அவன் தேறினான். கன்னம் உப்பியது. மாதா மாதம் அவன் தகட்டில் சிவப்பு குறைந்து, ஒருநாள் வெறும் நீலம் மட்டும் தெரிந்தது. இந்த வேலைக்கு வந்ததிலிருந்து சுத்தமான தகட்டைப் பார்த்து நான் எரிச்சல்பட்டது அந்த ஒருநாள்தான்.

ஆய்வு முடிந்து முடிவைச் சொல்ல ஒரு கூட்டம் வைத்தார்கள். வெளியிலிருந்து பெரிய மனிதர்கள் வந்திருந்தார்கள். குணமானவர்களையும் வரவழைத்து முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். திரையில் பச்சை நிறக் கட்டங்கள் வந்தன. மருந்தை முழுதாக எடுத்துக்கொண்டவர்களில் ஏறக்குறைய எல்லாருக்கும் குணம் என்றார் பெரிய டாக்டர். கைதட்டினார்கள். கடைசி வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த டப்பா அக்கா எழுந்து நின்றாள்.

"அந்தத் தையல்காரப் பொண்ணு இதுல எந்தக் கட்டத்துல வர்றா சார்?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். நல்ல மனுஷன். "அவங்க முதல் வேளையே எடுக்கலையேம்மா. ஆய்வுக்குள்ள வந்தாத்தான் கட்டத்துக்குள்ள வருவாங்க. அவங்க வரவே இல்லை."

அக்கா உட்கார்ந்துவிட்டாள். 

வெளியே டீ கொடுத்துக்கொண்டிருந்த இடத்தில் அந்தப் புருஷன் எங்களைத் தேடிக்கொண்டு வந்தான். புதுச் சட்டை போட்டிருந்தான். அக்காவின் முன்னால் வந்து நின்று, எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் டீக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு ரொம்ப நாளா நினைச்சேன். நீங்க முகம் குடுத்துப் பேசல, நானும் பயந்துக்கிட்டு விட்டுட்டேன். முதல்லயே, என் வேலை போயிடக் கூடாதுன்னு, உங்க டாக்டருக்குக்கூடத் தெரியாம எனக்குன்னு தனியா மாத்திரை குடுத்து விட்டீங்களே. இது என் பங்கு, இது உங்களுக்கு அக்கா குடுத்தது அப்படீன்னு அவதான் தினம் எடுத்துக் குடுப்பா. நான் வேணாம்னா விடமாட்டா. அது அந்தக் கிருமிக்கு எடுபடாமப் போனது நம்ம நேரம். ஆனா எனக்காக இவ்வளவு பண்ணின உங்களுக்கு நான் ஒரு நன்றிகூடச் சொல்லலக்கா."

 யாருடைய மாத்திரை அது என்று சொல்லிவிட வாயைத் திறந்தேன். டப்பா அக்கா என் முழங்கையைக் உடும்புப் பிடியாகப் பிடித்தாள். நகம் பதிந்தது. அத்தனை மாதம் வயிறு எரிந்து பார்த்த அந்த முகத்தை இப்போதுதான் முதல் தடவையாகப் பார்ப்பவள் போலப் பார்த்தாள்.

"ஆமாப்பா" என்றாள். "உனக்குன்னுதான் குடுத்து விட்டேன்."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். உள்ளேயிருந்து பெரிய டாக்டர் போட்டோ எடுக்க எல்லாரையும் கூப்பிட்டார். போய் நின்றோம்.